டயப்பர் குப்பை: துணிக்கு மாறினால் தீருமா?

மழைத்துளி:
ஒரு குழந்தை டயப்பரை விடுவதற்குள் 4,000-க்கு மேல் போட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறோம். மூன்று நான்கு மணி நேரம் இடுப்பில் இருந்த பொருள், குப்பைமேட்டில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறது. துணி டயப்பர் கிடைக்கிறது, துவைக்க மெஷின் இருக்கிறது. அப்புறமும் ஏன் இதையே கட்டிக்கொண்டு அழுகிறோம்? சோம்பேறித்தனம் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

தூக்கமில்லா_அப்பா:
சோம்பேறித்தனமா? ஒரு வாரம் எங்கள் வீட்டு இரவு ஷிப்டுக்கு வந்துவிட்டு அந்த வார்த்தையை எழுதுங்கள், பேசலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூலப்பொருளில் தொடங்கிக் குப்பைத்தொட்டி வரை கணக்குப் போட்டார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தையின் கணக்கில் ஒருமுறை டயப்பர் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். துணி? சுமார் 570. வெந்நீர், மின்சாரம், டிடர்ஜென்ட், பருத்திக்குப் பாய்ச்சும் தண்ணீர் எல்லாம் யார் கணக்கில் எழுதுவது? குப்பை கண்ணுக்குத் தெரிகிறது, கரண்ட் பில்லில் இருக்கும் புகை தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மழைத்துளி:
அதே அறிக்கையில் அடுத்த பத்தியையும் படித்திருக்கலாமே. 570 என்பது சராசரி. மெஷினை நிறைத்துப் போட்டு, கொடியில் காயவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் துணியின் கணக்கில் 40 சதவீதம், ஏறக்குறைய 200 கிலோ குறைகிறது என்று அதிலேயே இருக்கிறது. 90 டிகிரியில் கொதிக்கவைத்து ட்ரையரில் போட்டால் எகிறும், அதையும் மறைக்கவில்லை. 2023-ல் அதே நாட்டு அரசு வெளியிட்ட புதிய ஆய்வில் துணிக்குச் சுமார் 25 சதவீதம் குறைவு என்று வந்திருக்கிறது. ஒருமுறை டயப்பரின் சுமையில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே சேர்ந்துவிடுகிறது. கடையிலிருந்து பாக்கெட்டை எடுத்த பிறகு நீங்கள் என்ன செய்தும் அதைக் குறைக்க முடியாது. துணியில் குறைக்கலாம், உங்கள் கையில் இருக்கிறது.

பாலிமர்_பித்தன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ‘500 ஆண்டு மக்காது’ என்று எல்லாப் படத்திலும் போடுகிறார்கள். பெரிய அளவில் விற்ற ஒருமுறை டயப்பர்களில் முக்கியமான பாம்பர்ஸ் சந்தைக்கு வந்ததே 1961-ல். 500 ஆண்டை உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. அந்த எண்ணை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

நனைந்த டயப்பர் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள் (கையுறையோடு!). மேலே பாலிப்ரோப்பிலீன் விரிப்பு, நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு, பஞ்சுக்குள் வழுவழுவென்று கண்ணாடிப் பருக்கைகளாகச் சோடியம் பாலிஅக்ரிலேட் ஜெல், அடியில் பாலிஎத்திலீன் தாள். ஓரத்தில் எலாஸ்டிக், எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் பசை. ஜெல் நல்ல தண்ணீரைத் தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்தத் திறன் பல மடங்கு குறைந்துவிடும், இருந்தாலும் போதும். இதில் மக்கக்கூடியது பஞ்சுதான். அதுவும் காற்றில்லாத புதைகுழியில் மக்கும்போது மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குச் சூடேற்றும். ஆக மக்காத பகுதி இடத்தை அடைக்கிறது, மக்கும் பகுதி வாயுவை விடுகிறது. அட்டையில் இலைப் படம் போட்ட ‘மக்கும் டயப்பர்’ வாங்கிக் கறுப்புப் பையில் கட்டிப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதிலும் பலவற்றில் பாதிதான் தாவரப் பொருள், மீதி இதே ஜெல், இதே எலாஸ்டிக்.

தூக்கமில்லா_அப்பா:
நன்றி பித்தரே, உபயோகமாக இருந்தது. ஆனால் அளவையும் பாருங்கள். அமெரிக்காவில் 2018-ல் 41 லட்சம் டன் டயப்பர் குப்பை என்றால் பயமாக இருக்கிறது. அந்நாட்டின் மொத்த நகரக் குப்பையில் அது 1.4 சதவீதம். மீதி 98-ஐ விட்டுவிட்டுக் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களை ஏன் பிடித்து உலுக்குகிறீர்கள்?

குப்பைவண்டி:
கழிவு மேலாண்மையில் வேலை பார்க்கிறேன். 1.4 சதவீதம் என்று சொல்லிக் கடந்துபோக எங்களால் முடியாது, அண்ணே. அது மற்றதோடு கலந்து வருகிறது. பிரிக்கும் இடத்தில் ஒரு டயப்பர் பிரிந்தால் பக்கத்திலிருக்கும் காகிதம், அட்டை எல்லாம் ஜெல்லும் மலமுமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் குவியலை யாரும் மறுசுழற்சிக்கு வாங்க மாட்டார்கள். கையால் எடுக்கிறவருக்கு வயிற்றுப்போக்குக் கிருமி இலவசம்.

நீங்கள் இரண்டு பேரும் கார்பனிலேயே நிற்கிறீர்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுருட்டி ஒட்டிப் போடச் சொல்லிப் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். யார் செய்கிறார்கள்? நூற்றில் ஒருவர் செய்தால் அதிசயம். கழிப்பறையில் போனால் அதைச் சுத்திகரிக்க ஓர் ஏற்பாடு உண்டு. குப்பையில் போனால் நாய் இழுக்கும், மழையில் கரைந்து ஓடும். தோட்டத்தில் போட்டு எரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். ஈரமான பிளாஸ்டிக் முழுதாக எரியாது, புகைதான் வரும்.

மழைத்துளி:
அதற்குத்தான் தடை வேண்டும் என்கிறேன். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 2019-ல் அறிவித்ததே!

குப்பைவண்டி:
அறிவித்தார்கள், தாய்மார்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது, தள்ளிப்போட்டார்கள். துவைக்கிற வேலை யார் தலையில் விழும் என்று கேட்காமல் போடும் தடை அப்படித்தான் முடியும். ஜப்பானில் ஷிபுஷி, ஓசாகி என்ற இரண்டு சிற்றூர்களில் டயப்பரைத் தனியாகச் சேகரித்து, ஓசோனால் கிருமி நீக்கி, கூழை மறுபடி எடுக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் தனித் தொட்டி, தனி வண்டி, தனி ஆலை வேண்டும். தயாரிக்கும் கம்பெனி அந்தச் செலவில் பங்கு தராதவரை மற்ற ஊர்களில் எடுபடாது. எனக்குக் கோபம் அங்கேதான், அப்பாக்கள்மேல் இல்லை.

தூக்கமில்லா_அப்பா:
இதில் உடன்படுகிறேன். பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்றால் எண்ணிக்கை நிச்சயம் பாதியாவது குறையும். அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள். மழைத்துளி, ட்ரையரை நிறுத்தச் சொல்கிறீர்கள், நாள்கணக்கில் மழை பெய்தால் துணியை எங்கே காயவைப்பது?

மழைத்துளி:
நிறுத்தச் சொன்னேனே தவிர, உடைக்கச் சொல்லவில்லை! அடுக்கடுக்காகத் தைத்த தடி டயப்பர் வாங்காதீர்கள், அது காய்ந்து முடிய யுகமாகும். விரித்தால் ஒற்றைத் துணியாகும் மடிப்பு வகையை எடுங்கள், மின்விசிறிக்கு அடியிலேயே காய்ந்துவிடும். சாஃப்ட்னர் மட்டும் ஊற்றாதீர்கள், துணி ஈரம் இழுக்காது. அப்புறம் இரண்டே நாளில் ‘துணி சரிப்படவில்லை’ என்று இங்கேயே வந்து எழுதுவீர்கள்.