சுற்றுலாப் பணம் வசூல்: கணக்கு இடிக்காமல் இருக்க என்ன முறை?

ஒன்பதாம்வகுப்பு_இ

46 பிள்ளைகள், தலைக்கு 650 ரூபாய். எச்.எம். சுற்றறிக்கை கொடுத்துவிட்டார், வசூல் வகுப்பாசிரியர் பொறுப்பு. சிலர் முழுத்தொகை தருகிறார்கள், சிலர் 200, 300 என்று பிரித்துத் தருகிறார்கள். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போதே ஐந்தாறு பேர் ஒன்றாக நோட்டை நீட்டுகிறார்கள். பெயர்ப்பட்டியலில் டிக் அடித்துப் பணத்தை மேசை டிராயரில் போடுவதுதான் இப்போதைய முறை. நேற்று எண்ணியதில் 180 ரூபாய் குறைகிறது. எதை மாற்ற வேண்டும்? ஜிபே பண்ணட்டுமா என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

அடிக்கட்டை

டீச்சர், முதலில் அந்த டிக்கை நிறுத்துங்கள். டிக் எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்று சொல்லாது. பிறகு யார் வேண்டுமானாலும் போடலாம், அழிக்கலாம். ஆபீசில் வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்.

வாங்கும் வரிசை முக்கியம். பிள்ளை கொடுத்ததை அவன் கண்ணெதிரே வாய்விட்டு எண்ணுங்கள். நோட்டை மேசைமேல் தனியே வையுங்கள். கார்பன் வைத்துப் பேனாவால் ரசீது எழுதுங்கள்: தேதி, பெயர், வரிசை எண், தொகை எண்ணாலும் எழுத்தாலும், தவணையானால் “மீதம் 350” என்றும். ரசீதைக் கையில் கொடுத்த பிறகே நோட்டு பெட்டிக்குள் போக வேண்டும். “மிஸ், நான் ஐந்நூறு கொடுத்தேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், நோட்டு இன்னும் மேசைமேல்தான் இருக்கும், பார்த்துத் தீர்த்துவிடலாம். மற்ற நோட்டுகளோடு கலந்துவிட்டால் யார் சொல்வது சரி என்று நிரூபிக்க வழியே இல்லை.

எழுதும்போது தப்பிப்போனால் கிழித்துப் போடாதீர்கள். அசலையும் அடிக்கட்டையோடு (புத்தகத்திலேயே தங்கும் கார்பன் நகல்) சேர்த்துப் பின் அடித்து, இரண்டிலும் “ரத்து” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரு எண் காணாமல் போனாலும், அதில் வாங்கிய பணம் எங்கே என்றுதான் தணிக்கையில் கேட்பார்கள்.

ஒரு ரசீதுக்கு நிதானமாக இரண்டு நிமிடம் ஆகும். 46 பேருக்கு 92 நிமிடம். வருகைப்பதிவு நேரத்தில் இது நடக்கவே நடக்காது. குறைவுக்கு மூலகாரணம் அந்த அவசரம்தான் என்று நினைக்கிறேன். வரிசை எண் 1 முதல் 23 வரை செவ்வாய், மற்றவர்கள் புதன், ஒவ்வொரு நாளும் ஒரு பிரிவேளை என்று எழுதி அனுப்புங்கள். தவணை இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டாம் தவணைக்கும் நாள் குறித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வசூல் கூடவே கூடாது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது, திங்கள்வரை பணம் பள்ளியில் கிடக்கும்.

பணத்தை உறையில் போட்டு, மேலே பெயர், தொகை, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்துடன் அனுப்பச் சொல்லுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: யார் முழுசாகக் கட்டினார், யார் பாதி கட்டினார் என்பது வகுப்புக்குத் தெரியாது. கட்டாதவர் பெயரை வகுப்பில் வாசிப்பதும், லீடரை விட்டு வசூலிப்பதும் தயவுசெய்து வேண்டாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரம் கூடாது.

ரொக்கப்பதிவேடு

மேலே சொன்னதோடு, எந்த ரூபாய் நோட்டு எத்தனை என்று அன்றன்று ஒரு சீட்டு எழுத வேண்டும். முழு வசூலும் ஒரே நாளில் முடிந்தால் 29,900 இப்படி வரலாம்: 500 × 31 = 15,500; 200 × 22 = 4,400; 100 × 84 = 8,400; 50 × 28 = 1,400; 20 × 8 = 160; 10 × 4 = 40. அடியில் “ரசீது எண் 101 முதல் 146 வரை” என்று எழுதி, நீங்களும் உடன் எண்ணிய இன்னொரு ஆசிரியரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் எண்ணி மற்றவர் பார்ப்பது போதாது. இருவரும் தனித்தனியே எண்ணி, பிறகு தொகையைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அன்றே ஆபீசில் ஒப்படைத்து, சீட்டின் நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அதுவரை டிராயர், கைப்பை, ஸ்டாஃப் ரூம் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது.

குறையும் 180-ஐப் பற்றி: வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் (650-ஐ 560 என்று எழுதினால் 90). ஆனால் 180 என்றால் முதலில் நோட்டைத்தான் சந்தேகிப்பேன். 200 ரூபாய் நோட்டு மஞ்சள், புது 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள். மூன்று 200, ஒரு 50 என்று வாங்கியதில் ஒன்று 20 ஆக இருந்தால் சரியாக 180 குறையும். வித்தியாசம் 650 என்றால் ஒரு பிள்ளை முழுசாக விடுபட்டிருக்கிறது, அல்லது பணம் வராமலே டிக் விழுந்திருக்கிறது.

காரணம் தெரியும்வரை கைக்காசு போட்டுச் சரிக்கட்டாதீர்கள். குறைவை அன்றே எச்.எம்.முக்கு எழுதிக் கொடுங்கள். நாளைக்கு 200 அதிகம் வந்தால், அது தவறிப்போன பணமா உங்கள் பணமா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. சில்லறையும் அப்படித்தான்: சொந்தப் பர்சிலிருந்து மாற்றித் தராமல் ஆபீசில் 500 ரூபாய்க்குச் சில்லறை எழுதி வாங்குங்கள், மாலையில் அதை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை எண்ணுங்கள். வசூல் பணத்திலிருந்து அவசரத்துக்கு எடுத்து மாலையில் திருப்பி வைத்தாலும் தணிக்கையில் அதற்குப் பெயர் தற்காலிகக் கையாடல்.

யுடிஆர்

ஜிபே பற்றி மட்டும். உங்கள் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். உங்கள் சம்பளமும் பிள்ளைகள் பணமும் கலந்துவிடும். அனுப்பியவர் கணக்கில் சைபர் மோசடிப் பணம் வந்திருந்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கும் முடக்கப்படலாம். மாட்டுவது உங்கள் சம்பளக் கணக்கு. பள்ளிப் பெயரில் உள்ள கணக்குக்கு எச்.எம். க்யூஆர் வாங்கித் தந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

அப்போதும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரமில்லை. பழையதைத் திருத்தி அனுப்ப முடியும். “பெண்டிங்” என்று நின்றதும் உண்டு. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்கி, வங்கிப் பட்டியலில் ஆபீஸ் ஒத்துப் பார்த்த பிறகே ரசீது, அதில் அந்த எண்ணும். மாமா எண்ணிலிருந்து பணம் வரும், பிள்ளை பெயர் எங்கும் இருக்காது. அதனால் குறிப்பில் “9இ-17” என்பதுபோல் வகுப்பும் வரிசை எண்ணும் போடச் சொல்லுங்கள்.

ஒன்பதாம்வகுப்பு_இ

நன்றி. நோட்டுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன், 200 கட்டுக்குள் ஒரு 20 இருந்தது. யார் தந்தது என்று தெரியவில்லை, குறைவை எச்.எம்.முக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று: கட்டிய இரண்டு பேர் வரவில்லை என்கிறார்கள். இன்று வந்த பணத்திலிருந்து 1,300 எடுத்துத் தந்துவிடலாமா? பஸ்காரர் முன்பணமும் கேட்கிறார்.

ரொக்கப்பதிவேடு

இரண்டையும் வசூலிலிருந்து தராதீர்கள். வந்தது முழுவதும் முதலில் வரவில் ஏற வேண்டும். ரசீது 44 பேருக்கு, பணம் 42 பேருக்கு என்று நின்றால் யாருக்கும் விளங்காது. திருப்பித் தருவதை ஆபீஸ் செலவாக எழுதட்டும்: பெற்றோரின் வேண்டுகோள் கடிதம், அசல் ரசீதைத் திரும்ப வாங்கி அதன் பின்பக்கம் “650 திரும்பப் பெற்றேன்” என்று பெற்றோர் கையெழுத்து. பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். பஸ் முன்பணம் பள்ளிக் கணக்கிலிருந்து காசோலையாகப் போகட்டும், அவரிடம் வண்டி எண், தேதி, மொத்த வாடகை எழுதிய ரசீது வாங்குங்கள்.