மவுஸ் தானாக நகர்ந்தது, ஜெனரேட்டர் முங்கியது: உங்கள் அனுபவம் என்ன?

மஞ்சக்குப்பம்:
கரண்ட், குடிநீர், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். புயலானாலும் கம்ப்யூட்டர் வைரஸானாலும் நேரில் பட்டதைச் சொல்லுங்கள். நிறுவனப் பெயர் மட்டும் வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி:
சப்-ஸ்டேஷன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம்ம கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது ராத்திரி ஷிப்டில் இருந்தேன். ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் லைன்கள் வரிசையாக டிரிப் ஆகி (தானாகத் துண்டித்துக்கொண்டு), கடைசியில் உள்ளே வரும் லைனும் போய்விட்டது. அதற்கப்புறம் பேட்டரி ரூம்தான் கதி. கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலேயும், லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரும் அந்த பேட்டரியின் டிசி சப்ளையில்தான் வேலை செய்யும். அது இறங்கிவிட்டால் லைனில் கோளாறு இருந்தாலும் பிரேக்கர் திறக்காது, அதாவது கரண்டைத் துண்டிக்காது. எமர்ஜென்சி விளக்கைக்கூட அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்திருந்தோம்.

புயலைவிட எனக்குப் பயம் அடுத்து வந்த வாரங்களில்தான். வெளி மாவட்டத்து ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். பாவம், அவர்களுக்கு ஊரும் தெரியாது, ஃபீடரும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் போன்: "வேலை முடிஞ்சிடுச்சு சார், எல்.சி. திருப்பித் தரேன், சார்ஜ் பண்ணுங்க." எல்.சி. என்றால் லைன் கிளியர், லைனை நிறுத்தி வைத்து வேலை பார்க்க வாங்கும் அனுமதி; அதைத் திருப்பித் தந்தால்தான் நாங்கள் சார்ஜ் பண்ணுவோம், அதாவது கரண்ட் விடுவோம். காலையில் எல்.சி. வாங்கியவர் குரல் அது இல்லை. "வாங்கினவர் பேசட்டும்" என்றேன். கோபமாக வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாங்கியவரிடமே கேட்டால், அவருடைய ஆட்கள் இரண்டு பேர் இன்னும் கம்பத்தின் மேல் இருக்கிறார்கள்! முதலில் பேசியவர் அதே லைனில் வேலை பார்த்த வேறு கேங்க். தன் பக்கம் முடிந்ததும் மொத்தமும் முடிந்ததாக நினைத்திருக்கிறார்.

புதுப்பாளையம்:
அண்ணே, எங்கள் பக்கம் அந்தக் குரல் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்தது. ரசாயன ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். ஒரு ராத்திரி ஆபரேட்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு கையும் டம்ளரில். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து ஒரு ரியாக்டரை (ரசாயனம் வினைபுரியும் கலன்) இயக்கும் ஸ்கிரீன் பக்கத்தைத் திறக்கிறது. மனுஷன் யாரையும் கேட்கவில்லை, எழுந்துபோய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டார். காலையில் விசாரித்தால், சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் வெளியூரில் வீட்டிலிருந்தே எதையோ சரிபார்த்திருக்கிறார். அவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் ஷிப்டில் யாருக்கும் தெரியாது.

உக்ரைன் மின் நிறுவனங்களில் 2015 டிசம்பர் 23 அன்று இதே காட்சிதான், ஆனால் வந்தவன் எதிரி. மவுஸ் தானாக ஓடிப் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது, சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன. புகார் எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டி ஜனங்களைப் பேசவிடாமல் அடித்தார்கள். சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது எப்படி என்றால், ஆட்கள் வண்டியெடுத்துப் போய் சப்-ஸ்டேஷனில் பிரேக்கர்களைக் கையால் மூடி லைனை மறுபடி இணைத்தார்கள். ஆளில்லா சப்-ஸ்டேஷன் என்று இப்போது பெருமையாகப் பேசுகிறார்களே, எனக்கு அது உறுத்துகிறது.

மஞ்சக்குப்பம்:
இன்டர்நெட்டே கொடுக்காவிட்டால் தீர்ந்தது, இல்லையா?

புதுப்பாளையம்:
பென் டிரைவ் போதும் சார். 'தனி நெட்வொர்க்' என்ற பேச்சிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 2019-ல் கூடங்குளத்தில் நிர்வாகப் பிரிவின் ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் (கெடுதல் செய்யும் சாஃப்ட்வேர்) இருந்ததை, அணுமின் நிலையத்தை நடத்தும் அரசு நிறுவனமான என்பிசிஐஎல் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தின நாள்தான் அப்படி எதுவும் இல்லை என்று ஆலைத் தரப்பில் சொல்லியிருந்தார்கள். உலைக் கட்டுப்பாடு தனி நெட்வொர்க், அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். எங்கள் ஆலையிலும் வரைபடத்தில் 'தனி' என்றுதான் போட்டிருந்தது.

முக்கியக் கட்டமைப்புகளின் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்க 2014-லேயே என்சிஐஐபிசி என்ற மத்திய அரசு அமைப்பு வந்துவிட்டது. 2022 முதல், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள், சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் போக வேண்டும். எங்களிடம் ராத்திரி ஷிப்டில் அதை யார் அனுப்புவது? இன்னும் முடிவாகவில்லை.

வில்லியனூர்:
நான் நர்ஸ். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல். நான் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பேஸ்மென்ட்டில். முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஓடுகிறதை நிறுத்தச் சொல்லிவிட்டார், பேனலே தண்ணீரில் இருந்தால் வேறென்ன செய்வார். வென்டிலேட்டர் பேட்டரி இறங்க இறங்க, அம்பு பேக்கை (நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் பை) மாற்றி மாற்றிக் கையால் அழுத்தினோம். விரல் மரத்துப்போகும், எண்ணிக்கை தப்பக் கூடாது.

வாடகை ஜெனரேட்டர் வந்தது, டீசல் இல்லை. பங்க்கில் பம்ப் ஓடக் கரண்ட் இல்லை. கரண்ட் இருந்த பங்க்கைத் தேடிப் போனால் செல்போன் டவர் படுத்துவிட்டது, ஜிபே ஓடவில்லை. ஷிப்டில் இருந்தவர்களின் பர்ஸைக் கவிழ்த்துத்தான் டீசல் வாங்கினோம்.

குறிஞ்சிப்பாடி:
அம்மா, இப்போதாவது ஜெனரேட்டரை மேலே ஏற்றினார்களா?

வில்லியனூர்:
ஏற்றிவிட்டார்கள் ஐயா, மொட்டை மாடிக்கு. டீசல் டேங்கும் பம்பும் இன்னும் பேஸ்மென்ட்டில்தான்.

புதுப்பாளையம்:
நியூயார்க்கில் 2012 சாண்டி புயலில் பெல்வியூ ஆஸ்பத்திரி மாட்டிக்கொண்டது இப்படித்தான். ஜெனரேட்டர் 13-வது மாடியில், எரிபொருள் பம்ப் பேஸ்மென்ட்டில். படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள், கடைசியில் நோயாளிகளையும் வெளியேற்ற வேண்டி வந்தது. இதை உங்கள் மேனேஜ்மென்டுக்கு அனுப்புங்கள் அக்கா.

வில்லியனூர்:
அனுப்புகிறேன் தம்பி. அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம் என்பார்கள்.