கழுத்து விரியுது, கை சுருங்குது: முதல் டொப்பில் எங்கே பிழைத்தது?

புதுநூல்:

வணக்கம். வெள்ளவத்தையில் சனிக்கிழமை தோறும் மூன்று மணித்தியாலம் நடக்கிற ஆரம்பத் தையல் வகுப்பில் படிக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு கிழமை, இப்போது ஆறாவது. வட்டக் கழுத்தும் முக்கால் கையும் வைத்த பருத்தி டொப் ஒன்றைத் தைத்து முடித்தேன். அதில் மூன்று பிழை.

கழுத்து உடம்பில் படியாமல் முன்னுக்கு வாய் திறந்து நிற்கிறது, கழுத்து விளிம்பை முடிக்க உள்ளே திருப்பித் தைக்கிற பேசிங் துண்டும் வெளியே தெரிகிறது. மார்பு 36 அங்குலம். பன்னிரண்டால் பிரித்துப் பாதிக் கழுத்தின் அகலம் 3, முன் ஆழம் 6 வைத்தேன்.

அடுத்தது கை. அதன் மேல் வளைவு 17½, கைக்குழி 16. தோள் உச்சியைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்திருக்கிறது.

ஒருக்கா தோய்த்த பிறகு இடப்பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகத் திரும்பி வந்துவிட்டது.

துணி புறக்கோட்டையில் வாங்கிய 2½ மீற்றர். தோய்க்காமல்தான் வெட்டினேன். பற்றன் பிறவுண் பேப்பரில் நானே கீறியது. பிழை கீறினதிலா, வெட்டினதிலா, தைத்ததிலா?

பாவும் ஊடும்:

கழுத்தை நான் சொல்கிறேன். 3-க்கு 6 சரியான கணக்குத்தான். கழுத்து வளைவை வெட்டியதும் தோளுக்கும் முன் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதி துணியின் குறுக்குச் சாய்வில் வந்துவிடும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் அங்கே பிடித்து வைத்திருக்காது, தொட்டால் நீளும். கையில் தூக்கினாலே போதும், மேசையில் இருந்து தொங்கினாலும் நீளும்.

அதனால் வெட்டிய உடனே, தோள் இணைக்க முதல், ஒற்றைத் துணியிலேயே, விளிம்பு நீளாமல் பிடித்து வைக்கிற ஒரு ஸ்டே தையல் போட வேண்டும். கழுத்தில் தையலுக்கு 1 சென்ரிமீற்றர் விட்டிருந்தால் விளிம்பில் இருந்து 8 மில்லிமீற்றரில், தையல் நீளம் 2-இல் வைத்துப் போடுங்கள். ஒரு தோளில் இருந்து மற்றத் தோளுக்கு ஒரே ஓட்டமாக ஓடக் கூடாது. இரண்டு தோளில் இருந்தும் நடுவுக்குத் தனித்தனியாக வாருங்கள். ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்கம் இழுபட்டுக் கழுத்து கோணும்.

நீண்டிருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். அளவு ரேப்பைப் படுக்க வைக்காமல் அதன் ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தி, தையல் கோட்டின் மேல் பற்றனை அளந்து, அதே கோட்டைத் துணியிலும் அளவுங்கள். வெட்டு விளிம்பை அளந்தால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் கழுத்தில் வெட்டு விளிம்பு தையல் கோட்டை விடக் குட்டை. பேசிங்கைத் திருப்பும்போது இறுக்கிப் பிடிப்பதும் அதே குட்டைதான். ஆகவே சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு, ஸ்டே தையலைத் தொடுமட்டும். அந்தத் தையலை வெட்டிவிடாதீர்கள்.

பேசிங் வெளியே வருவது, திருப்பிய பிறகு உள்தையல் போடாததால். விட்ட துணி முழுவதையும் பேசிங் பக்கம் தள்ளி, பேசிங்கின் மேல், இணைப்பில் இருந்து 2 மில்லிமீற்றர் தள்ளித் தையுங்கள். முன்பக்கம் எதுவும் தெரியாது. இதைப் போடாமல் எவ்வளவு அயன் பண்ணினாலும் அடுத்த தோய்ச்சலில் மறுபடி எட்டிப் பார்க்கும்.

பேசிங்குக்கு ஒட்டுற கன்வஸ் மெல்லியதாக இருக்கட்டும். சேர்ட் கொலருக்குப் போடும் தடித்ததைப் போட்டால் கழுத்து தட்டு மாதிரி எழும்பி நிற்கும். ஒட்டும்போது அயனை இழுக்காமல் ஒவ்வோர் இடத்திலும் 10 செக்கன் அழுத்தி, ஆறின பிறகு தூக்குங்கள்.

கைக்குழி:

கை உங்கட தைச்சதால வந்த பிழை இல்லைத் தங்கச்சி. பற்றன் பிழை. 17½-க்கும் 16-க்கும் நடுவில 1½ அங்குலம். கம்பளி மாதிரி நீராவிக்குச் சுருங்கிக் குடுக்கிற துணியில அதை அடக்கலாம். மெல்லிய பருத்தியில அரை அங்குலம், கூடினால் முக்கால். பொலியெஸ்டர் கலந்ததெண்டால் அதுகும் கரைச்சல்.

கைப் பற்றனில மேல் வளைவின்ர பாதி உயரத்தில குறுக்கே ஒரு கோடு கீறி, அதில கால் அங்குலம் மடிச்சு ஒட்டுங்கோ. மொத்த நீளத்தில கிட்டத்தட்ட அரை அங்குலம் குறையும். உங்களுக்கு ஒருக்கா மடிச்சும் காணாது, ரெண்டு தரம் மடிக்க வேணும். ஒவ்வொரு தரமும் வளைவைத் திருப்பிக் கீறி அளந்து பாருங்கோ.

மிச்ச அரை அங்குலத்தை எங்க அடக்கிறதெண்டுதான் கனபேர் பிழை விடுறது. முன் அடையாள வெட்டுக்கும் பின் அடையாள வெட்டுக்கும் இடையில, தோள்ப் பக்கமா மட்டும்தான். அக்குள் பக்கம் துளியும் வேண்டாம். அந்த இடைவெளியில, தையல் கோட்டுக்கு வெளியில 4 நீளத்தில ரெண்டு ஓட்டம் போட்டு, நூலை மெதுவா இழுத்துப் பங்கிடுங்கோ. கண்ணுக்குக் கொசுவம் தெரியக் கூடாது, லேசா வளைஞ்சு நிக்க வேணும். தைக்கேக்க கைத்துணி கீழ, உடம்புத்துணி மேல. மெஷின் பல்லு கீழ்த்துணியைத்தான் கூடுதலாத் தள்ளும், மிச்சத்தை அதுவே வாங்கிப் போகும். மாறி வைச்சால் மேல்த்துணி முன்னுக்கு உருண்டு சுருக்கமா விழும்.

பாவும் ஊடும்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: கைக்குழியின் அக்குள் பகுதியும் கழுத்தைப் போலவே நீளும். அங்கேயும் ஸ்டே தையல் போட்ட பிறகு அளந்தால்தான் அந்த 16 உண்மையான 16.

துணிக்கரை:

மூன்றாவது பிழையைத்தான் நான் பெரிய பிழை என்பேன், ஏனென்றால் வெட்டிய பிறகு அதைத் திருத்த முடியாது. ஆலையில் துணியை இழுத்துப் பிடித்து முடிக்கும்போது ஊடை நூல் சாய்ந்துவிடும். சாய்ந்தபடியே வெட்டித் தைத்தால், முதல் தோய்ச்சலில் நூல் தன் இடத்துக்குத் திரும்பும். தையலும் அதோடு திரும்பும்.

பருத்தி 3 முதல் 5 வீதம் சுருங்குவது வழமை. 4 வீதம் என்றாலே 2½ மீற்றரில் 10 சென்ரிமீற்றர் போய்விடும். இனி வாங்கும் துணியை இரவு தண்ணீரில் ஊறப் போட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காய விட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே அயன் பண்ணுங்கள். பிறகு ஒரு முனையில் ஒரு ஊடை நூலை உருவி எடுத்து, அது விட்ட கோட்டிலேயே வெட்டுங்கள். துணியின் இரண்டு பக்கமும் நெய்தே வந்த கரைகளை ஒன்றோடொன்று சேர்த்து மடித்துப் பாருங்கள். வெட்டிய முனை நேராக விழவில்லை என்றால், குட்டையாக நிற்கும் மூலையையும் அதற்கு எதிர் மூலையையும் பிடித்து ஈரத்தோடு இழுக்க வேண்டும்.

பற்றனில் பாவு நூல் ஓடும் திசையைக் காட்டும் நேர்நூல் அம்புக்குறி போட்டிருப்பீர்கள். அதன் இரண்டு முனையில் இருந்தும் துணிக்கரைக்கு ஒரே தூரம் வருகிறதா என்று அளந்த பிறகே குண்டூசி குத்துங்கள். கண்மட்டத்துக்கு நம்ப வேண்டாம். பக்கத் தையல் இரண்டையும் கைக்குழியில் இருந்து கீழ்நோக்கியே தையுங்கள். ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் தைத்தால் நேராக வெட்டிய துணியும் முறுகும்.

வெட்டி எறியும் கரைத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள், தோளுக்கும் கழுத்துக்கும் நல்ல நாடா.

புதுநூல்:

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். பாதி முன் கழுத்து பற்றனில் 7¼, துணியில் 7¾. இந்த டொப்பைக் காப்பாற்றலாமா? இன்னொன்று, வகுப்பில் இருப்பது தொழிற்சாலை வகை ஜூக்கி மெஷின். வீட்டுப் பயிற்சிக்குப் பழையது ஒன்று பார்க்கிறேன்.

பாவும் ஊடும்:

பக்கத்துக்கு அரை அங்குலம், காப்பாற்றலாம். பேசிங்கைப் பிரித்து எடுங்கள். 6 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய கரைத் துண்டைத் தோய்த்து அயன் பண்ணி, சரியாக 7¼-க்கு வெட்டுங்கள். தையல் கோட்டின் மேல், துணியின் பிழைப் பக்கத்தில் (உள்பக்கத்தில்) இரண்டு முனையையும் குண்டூசியால் பிடித்து, இடையில் உள்ள மிச்சத்தை நீள ஓட்டத்தால் அடக்கி, நீராவி அயனால் அழுத்துங்கள். அது படிந்த பிறகே நாடாவைத் தையுங்கள். பேசிங்கைப் பழைய பற்றன் அளவில் புதிதாக வெட்டுங்கள், நீண்ட கழுத்தோடு சேர்ந்து பழைய பேசிங்கும் நீண்டிருக்கும். பக்கத் தையல் முறுகினதை விட்டுவிடுங்கள், இந்த டொப்பில் அது அப்படித்தான்.

கைக்குழி:

மெஷின் பற்றி. ஊசியை மாறி வாங்கிப் போடாதேங்கோ. ஜூக்கிக்குப் போடுற ஊசியின்ர தண்டு வட்டம், வீட்டு மெஷின் ஊசியின்ர தண்டில ஒரு பக்கம் தட்டை. ரெண்டும் ஒண்டுக்கொண்டு சேராது. வொயில் துணிக்கு 70 அல்லது 75, சாதாரண பருத்திக்கு 90, டெனிமுக்கு 100. எந்தப் பழைய மெஷின் எண்டாலும் ஊசியில நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்தில இருந்துதான் நூல் கோர்க்க வேணும்.

ஜப்பானில இருந்து வந்த பழைய மின்சார மெஷின் எண்டால் பின்பக்கத் தகட்டை வாசியுங்கோ. அங்க 100 வோல்ட், எங்கட வீட்டில 230. வோல்ட் மாற்றி இல்லாமல் செருகினால் மோட்டர் போயிடும். பழைய கறுப்புக் கைமெஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் இப்ப உங்களுக்கு வேண்டியதும் அதுதான். வாங்க முதல், உங்கட பருத்தித் துணியில ரெண்டு துண்டைக் கொண்டுபோய்த் தைச்சுப் பாருங்கோ. துணிக்கு அடியில நூல் கூடு கட்டினால் மெஷின் பழுது எண்டு விட்டிட்டு வராதேங்கோ. மெஷினில துணியை அமத்துற காலைத் தூக்கி வைச்சு மேல்நூலைத் திருப்பிக் கோர்த்துப் பாருங்கோ. கால் இறங்கியிருக்கேக்க நூலை இறுக்கிப் பிடிக்கிற இழுவைத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ள போகாது. பெரும்பாலும் அதுதான் காரணம்.