காக்னிட்டிவ் சைக்காலஜி தாள்: "எப்படித் தெரியும்?" என்று எழுதி நாலு மார்க். என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

கானாடுகாத்தான் பஸ்:

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரி பெயர் வேண்டாம், எங்கள் மேடமும் இந்த மன்றத்துக்கு வந்து படிப்பவர்தான் என்று கேள்வி. இந்த செமஸ்டரில் காக்னிட்டிவ் சைக்காலஜி, அதாவது நினைவு, கவனம், சிந்தனை எல்லாம் எப்படி நடக்கிறது என்கிற பாடம். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, பிராக்டிகல் தனித் தாள், சோதனைகளை எழுதி வைக்கிற ரெக்கார்டு நோட்டோடு.

முதல் வருஷம் ஜெனரல் சைக்காலஜியில் எனக்கு மார்க்குக்குப் பஞ்சமே இல்லை. விளக்கம், வகைகள், படம், முடிவுரை என்று எழுதினால் போட்டுவிடுவார்கள். இங்கே அது எடுபடவில்லை. ஒர்க்கிங் மெமரி (ஒரு வேலை நடக்கும்போது மனசில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிற நினைவு) அசைன்மென்ட்டுக்கு உளவியலாளர் பேட்லியின் படத்தை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து, பெட்டி பெட்டியாக அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதி, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக் கொடுத்தேன். பத்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "பேட்லி சொன்னார், சரி. எப்படித் தெரியும்?" பக்கத்தில் உட்கார்கிறவள் படமே போடாமல் மூன்று பக்கம்தான் எழுதினாள், அவளுக்கு எட்டு. எரிச்சல் வருமா வராதா?

அடுத்தது ரெக்கார்டு. சீரியல் பொசிஷன் சோதனை. 15 வார்த்தைகளை வரிசையாக வாசித்துவிட்டு, எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். முதலில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் நிறைய வரும், நடுவில் தொய்யும், புத்தகத்தில் வளைவு அழகாக இருக்கிறது. நான் அப்பத்தாவைப் பட்டாலையில் உட்கார வைத்துச் செய்தேன். தமிழ் வார்த்தைகள்தான், பட்டியல் நானே போட்டது. விளக்கு, பாய், ஏணி என்று ஆரம்பித்து எட்டாவதாக 'கொப்புடையம்மன்' வைத்திருந்தேன், சும்மா ஒரு இதுக்காக. கடைசி வார்த்தையை வாசித்து முடிக்கவும் வாசலில் பால்காரர் கூப்பிடவும் சரியாக இருந்தது. அப்பத்தா எழுந்து போய் அவரிடம் கணக்குப் பேசிவிட்டு, வந்து உட்கார்ந்து சொன்னது: விளக்கு, பாய், ஏணி, கொப்புடையம்மன், குடம். கடைசி நாலில் ஒன்றுகூட இல்லை. 'குடம்' என் பட்டியலிலேயே கிடையாது!

வகுப்பில் எல்லாரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வளைவைப் போட்டுவிட்டார்கள். "நீயும் மாற்றிப் போட்டுவிடு, இல்லாவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வாய்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா? அப்புறம் எக்ஸ்டர்னலில் பத்து மார்க் கேள்விக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்? செமினாருக்கும் தலைப்பு கிடைக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

செக்காலை சீனியர்:

தங்கச்சி, அந்த சிவப்பு வரிதான் மொத்த சிலபஸும். மேடம் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

ஜெனரல் சைக்காலஜியில் "இன்னார் இப்படிச் சொன்னார்" போதும். இந்தத் தாளில் யாரும் மண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை. வெளியே தெரிவது ஒருவர் எத்தனை வார்த்தை சொன்னார், பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் எடுத்தார், எதில் தப்பு செய்தார் என்பதுதான். அதிலிருந்து உள்ளே இப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எழுதினால்தான் மார்க். நீ பெட்டிகளை மட்டும் வரைந்து கொடுத்திருக்கிறாய்.

உன் தலைப்பையே எடுத்துக்கொள். 1968ல் அட்கின்சன், ஷிஃப்ரின் மாடல் வருகிறது: குறுகிய கால நினைவு வழியாகப் போனால்தான் எதுவும் நீண்ட கால நினைவுக்குப் போகும் என்று. 1970ல் ஷாலிஸும் வாரிங்டனும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார்கள். அவருக்கு இரண்டு எண்ணுக்கு மேல் சொன்னால் திருப்பிச் சொல்ல வராது, ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்வதில் கோளாறு இல்லை. வாசலே அடைத்துக் கிடக்கும்போது சரக்கு எப்படி உள்ளே போனது? இந்த மாதிரி இடைஞ்சல்கள் இருந்ததால்தான் 1974ல் பேட்லியும் ஹிட்ச்சும் ஒரே பெட்டி என்பதை விட்டுவிட்டுப் பல பகுதி என்கிறார்கள். சரி, ஒலிக்கென்று தனிப் பகுதி இருப்பது எப்படித் தெரியும்? 1975ல் பேட்லி குழு செய்தது: சின்ன வார்த்தைகளை விட, சொல்ல நேரம் பிடிக்கும் வார்த்தைகள் குறைவாகத்தான் ஞாபகம் இருந்தன. ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் வாயால் சொல்லி முடிக்கிற அளவுதான் நிற்கிறது. வார்த்தைகளைக் கண்ணால் படிக்க வைத்து, அதே நேரம் சம்பந்தமில்லாத எதையோ வாயால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அப்படியானால் உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிற ஒரு வேலை நடக்கிறது, அதை வாயை வைத்தே மறிக்க முடிகிறது. இதுதான் "எப்படித் தெரியும்?" என்பதற்குப் பதில். ஒன்றரைப் பக்கம் வரும். உன் தோழியின் மூன்று பக்கத்தில் இதுதான் இருந்திருக்கும், வாங்கிப் பார்.

ஸ்கெட்ச் பேனாவை யாரும் குறை சொல்லவில்லை. அதற்கு மார்க் இல்லை, அவ்வளவுதான்.

தேவகோட்டை ரஸ்தா:

சீனியர் சொல்வது இன்டர்னலுக்குச் சரி, ஏனென்றால் திருத்துவது உங்கள் மேடம். எக்ஸ்டர்னல் வேறு உலகம். நான் தொலைநிலையில் படிக்கிறேன், பகலில் ஒரு வட்டிக்கடையில் வேலை. அரியர் போட்டு அரியர் எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், திருத்துகிறவர் உங்கள் தத்துவத்தை எல்லாம் நின்று படிக்க மாட்டார். தலைப்பு, உட்தலைப்பு, அடிக்கோடு, நாலு பக்கத்துக்குக் குறையாமல். காலிப் பக்கம் விட்டால் காலி மார்க். இதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்னொன்று. இன்டர்னல் 25ஐ எப்படிப் பிரிக்கிறார்கள், டெஸ்ட்டுக்கு எத்தனை, அசைன்மென்ட்டுக்கு எத்தனை, செமினாருக்கு எத்தனை, வருகைப்பதிவுக்கு உண்டா என்று எழுத்தில் இருக்கும். துறையில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் கடைசிவரை தெரியாமலே இருக்கிறார்கள். நாலு மார்க் வந்துவிட்டது என்று அழுவதற்கு முன் அந்த நாலு 25ல் எவ்வளவாக மாறுகிறது என்று பாருங்கள். பத்துக்குப் போட்டு ஐந்தாகச் சுருக்குகிற இடமும் உண்டு. அப்படியென்றால் உங்கள் தோழிக்கும் உங்களுக்கும் வித்தியாசம் வெறும் இரண்டு மார்க்.

செமினார் தலைப்பு நான் தருகிறேன். எங்கள் கடை ஐயா எண்பதைத் தொட்டவர். அசல், வட்டி, நாள் கணக்கு எல்லாம் வாயிலேயே போடுவார், நான் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். ஆனால் கடைக்கு வந்தவர் பெயர் அவருக்கு நிற்காது. இதைக் காக்னிட்டிவ் ஆட்கள் என்ன சொல்வார்கள்?

விடைத்தாள் கட்டு:

நான் இந்தப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வேல்யூவேஷன் கேம்ப்பில் இந்தத் தாள் நிறைய திருத்தியிருக்கிறேன்.

ரஸ்தா தம்பி சொல்கிற மாதிரி பக்கத்தை எண்ணுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கட்டுக் கட்டாகத் திருத்தும்போது கண் தேடுவது பக்கத்தை அல்ல. யார், எப்போது, யாரை வைத்து, என்ன செய்தார், என்ன வந்தது, அதனால் என்ன. இவை கண்ணில் பட்டால் கை தானாக ஏழு, எட்டு போடும். பலர் சீர்வரிசைத் தட்டு மாதிரி பெயர்களை மட்டும் அடுக்கி வைத்திருப்பார்கள்: பிராட்பென்ட், ட்ரீஸ்மேன், நைஸர் என்று. அதற்கு ஐந்துக்கு மேல் எனக்கு மனசு வராது.

உதாரணத்துக்குக் கண்ணால் பார்த்த சாட்சியைப் பற்றிப் பத்து மார்க் கேள்வி. "நினைவு மாறக்கூடியது என்று லாஃப்டஸ் கூறினார்" என்றால் ஒரு மார்க். லாஃப்டஸும் பால்மரும் 1974ல் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகம் கேட்டார்கள், கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள், "மோதி நொறுங்கியபோது" என்று கேட்டால் சராசரி மணிக்கு 40.5 மைல், "தொட்டபோது" என்று கேட்டால் 31.8 என்று எழுதினால் அதுவே பாதி விடை. அத்தோடு நிறுத்தாதீர்கள். வார்த்தைக்குத் தகுந்தபடி பதிலைக் கூட்டிச் சொன்னார்களா, இல்லை நினைவே மாறிவிட்டதா என்று ஒரு சந்தேகம் வருகிறது அல்லவா? அதற்குத்தான் இரண்டாவது சோதனை. வேறு 150 பேருக்குப் படம் காட்டி, ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். இதற்கு மேல், பார்த்தவர்கள் எல்லாம் மாணவர்கள், பார்த்தது படம், நிஜ விபத்தில் இருக்கிற பதற்றம் இதில் இல்லை என்று இரண்டு வரி விமர்சனம். இரண்டரைப் பக்கம் போதும். ஆண்டு ஒன்றிரண்டு தவறினால் நான் மார்க் குறைத்ததில்லை, கண்டுபிடிப்பைத் தலைகீழாக எழுதினால் குறைப்பேன்.

அம்மா, உன் ரெக்கார்டுக்கு வருகிறேன். தயவுசெய்து ஒரு எண்ணைக்கூட மாற்றாதே. வகுப்பிலேயே சுவாரசியமான டேட்டா உன்னுடையதுதான்.

கடைசி வார்த்தைகள் ஏன் வரவில்லை? பால்காரர். கிளான்சர், கியூனிட்ஸ் 1966ல் இதையேதான் வேண்டுமென்று செய்தார்கள். அவர்கள் பட்டியலும் 15 வார்த்தைதான். வாசித்து முடித்ததும் 30 விநாடி வாய்விட்டு எண்ண வைத்துவிட்டுக் கேட்டால் கடைசி வார்த்தைகளுக்கு இருந்த சலுகை போய்விட்டது, முதல் வார்த்தைகளுக்கு இருந்தது அப்படியே நின்றது. உங்கள் அப்பத்தா பால் கணக்குப் பேசினார், அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாலும் தலையும் வேறு வேறு காரணத்தால் வருகின்றன என்பதற்கு இதைத்தான் சான்றாகச் சொல்கிறோம். நடுவில் இருந்த கொப்புடையம்மன் வந்ததும் ஆச்சரியமில்லை. பண்டம் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு சாமி பெயர் தனித்துத் தெரியும், தனித்துத் தெரிவது நன்றாக ஞாபகம் இருக்கும் என்று 1933ல் வான் ரெஸ்டார்ஃப் எழுதியதோடு சேர்த்துப் பார். காரைக்குடியில் அந்தப் பெயருக்கு எவ்வளவு பழக்கம் என்பது வேறு.

'குடம்' பற்றி ஒரு கேள்வி. உன் பட்டியலின் பின்பாதியில் கிணறு, வாளி மாதிரி ஏதாவது இருந்ததா?

கானாடுகாத்தான் பஸ்:

சார், 11 கிணறு, 12 வாளி, 14 தண்ணீர்! இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று தோன்றவே இல்லை.

அப்படியென்றால் அப்பத்தா தப்பாகச் சொல்லவில்லையா?

விடைத்தாள் கட்டு:

தப்புதான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிகிற தப்பு. டீஸ் 1959லும், ரோடிகரும் மெக்டெர்மட்டும் 1995லும், ஒன்றோடொன்று ஒட்டிய வார்த்தைகளைக் கொடுத்து, கொடுக்காத ஒன்றைச் சொல்ல வைத்தார்கள். அவர்கள் பட்டியல் முழுக்க அப்படிப்பட்டது, உன்னுடையதில் மூன்றுதான், அதனால் அடித்துச் சொல்லாதே. "இருக்கலாம்" என்று எழுது. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் எழுது.

பால்காரர் வந்ததைக் கட்டுப்பாடுகள் பகுதியில் மறைக்காமல் எழுதிவிட்டு, அகநோக்கு அறிக்கையில் (சோதனைக்கு உட்கார்ந்தவர் தன் அனுபவத்தைச் சொல்கிற பகுதி) அப்பத்தா சொன்னதை அப்படியே போடு. அந்தப் பகுதியைப் பெரும்பாலும் "சோதனை சுவாரசியமாக இருந்தது" என்று நிரப்பிவிடுகிறார்கள். வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் திருப்புவது அந்தப் பக்கம்தான், குறைந்தபட்சம் நான் அப்படித்தான் செய்வேன். எல்லார் வளைவும் ஒரே மாதிரி இருந்தால் ஒரே ரெக்கார்டிலிருந்து வந்தது என்று பார்த்ததும் தெரியும். பால்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து வேறு பட்டியலோடு இன்னொருவருக்குச் செய்து, இரண்டையும் பக்கத்தில் வை. அப்பத்தாவின் பெயர் வேண்டாம், முதலெழுத்தும் வயதும் போதும்.

ரஸ்தா தம்பி, உங்கள் கடை ஐயாவுக்கு: எரிக்சன் குழு 1980ல் ஒரு மாணவரைப் பற்றி எழுதியது. எண்களைக் கேட்டு வரிசையாகச் சொல்கிற பயிற்சி, 7 எண்ணில் ஆரம்பித்து 79 வரை போனார். ஓட்டக்காரர், அதனால் எண்களை எல்லாம் ஓட்ட நேரமாக மாற்றி மாற்றிக் கட்டினார். எண்ணுக்குப் பதில் எழுத்து கொடுத்ததும் பழையபடி ஆறு. உங்கள் ஐயாவுக்கு வட்டி வருவதும் பெயர் வராததும் அந்த ரகமாக இருக்கலாம். பழகிய சரக்கு மட்டும்தான் கட்டாகும்.

தேவகோட்டை ரஸ்தா:

அப்படியானால் பெயர் மறந்தது வயசால் இல்லை என்று ஐயாவிடம் சொல்லிவிடுகிறேன், சம்பளம் கூடக் கூடும். ஆனால் எக்ஸ்டர்னலுக்கு நாலு பக்கம் என்பதில் நான் மாறவில்லை சார், எல்லாரும் உங்களை மாதிரி திருத்துவதில்லை.

செக்காலை சீனியர்:

படிக்கிற விதத்துக்கு ஒன்று. பஸ்ஸில் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, மூடி வைத்துவிட்டு ஞாபகத்தில் இருந்து எழுதிப் பார். ரோடிகர், கார்பிக்கி 2006: ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் 81%, எழுதிப் பார்த்தவர்கள் 75%. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 42%, எழுதிப் பார்த்தவர்கள் 56%. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று புரட்டுகிறவர்களுக்கு ஏன் எல்லாம் வந்த மாதிரி இருக்கிறது என்று புரிகிறதா? இது சிலபஸிலும் உண்டு, அதனால் இரட்டை லாபம்.

செமினாருக்கு ரஸ்தா அண்ணன் கடை ஐயாவையே எடுத்துக்கொள், அவர் சம்மதித்தால். அப்புறம் ரெக்கார்டை இப்போதே பைண்டிங்குக்குக் கொடுத்துவிடாதே. ஒவ்வொரு சோதனைக்கும் மேடம் கையெழுத்து வாங்கி, இரண்டாவது ஆளின் பக்கங்களையும் சேர்த்த பிறகு கொடு.