தாத்தாவின் பட்டாளப் படம்: எந்தப் படை, எந்தக் காலம்?

முதல் வேலை ஸ்கேன். சட்டம் போட்ட படத்தை மொபைலில் எடுத்து "இது எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி), குழுப்படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் மோடில் வையுங்கள். பழுப்புக் கறை எது, உண்மையான நிழல் எது என்று அப்போதுதான் பிரியும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், மேல் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். "தெளிவாக்கும்" ஆப்களும் வேண்டாம். மங்கலான தொப்பி வில்லையில் இல்லாத எழுத்தையும் கொடியையும் அவை வரைந்து கொடுக்கும். அதை வைத்துத் தேடினால் வேறு ஊருக்குப் போய்ச் சேருவீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெங்களூர், வெலிங்டன், பரங்கிமலை என்று கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) ஸ்டுடியோ முத்திரை இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

* * *

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். அவரவர் வாங்கிய மெடல் அவரவர் இடது மார்பில் இருக்கும். இரண்டுமே எதிர்ப்புறம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். மெடல் மட்டும் வலது மார்பில் இருந்தால் அது அப்பாவுடையதோ அண்ணனுடையதோ ஆகலாம்.

நிறத்தை ஊகிக்கும்போது நிதானம் வேண்டும். அந்தக்கால ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டில் சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். முதல் உலகப் போர் மெடலான 1914-15 ஸ்டாரின் ரிப்பன் சிவப்பு, வெள்ளை, நீலம். படத்திலோ ஒரு ஓரம் கறுப்பு, மற்ற இரண்டும் வெளிர். "இப்படி ஒரு ரிப்பனே இல்லையே" என்று தேடிக் களைத்தவர்கள் நிறையப் பேர்.

* * *

காலத்தைச் சொல்வதில் படைச் சின்னத்திலுள்ள கிரீடத்தை மிஞ்சியது இல்லை. கிரீடத்தின் வளைவு நடுவில் சற்று அமுங்கியிருந்தால் விக்டோரியா காலம். உருண்டு எழும்பியிருந்தால் 1901க்குப் பிறகு. கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம் இருந்தால் படம் 1950க்கு முந்தியதாக இருக்காது.

அதற்கடுத்து கால். முழங்காலுக்குக் கீழ்வரை துணிப்பட்டி சுற்றியிருந்தால் முதல் உலகப் போரை ஒட்டிய காலம் என்று தொடங்கலாம். காலர் இல்லாத நீண்ட காக்கிக் குர்தாவும் சேர்ந்திருந்தால் இன்னும் உறுதி. கணுக்காலோடு நிற்கும் குட்டைப் பட்டியோ கான்வாஸ் உறையோ இரண்டாம் போர்க் காலத்தது. இடுப்போடு நிற்கும் பேட்டில்டிரஸ் கம்பளிச் சட்டை இத்தாலி, மத்தியக் கிழக்குப் பக்கம் போனவர்களிடம் பார்க்கலாம். பர்மா முனையில் அகலவிளிம்புத் தொப்பி. அதைப் பார்த்ததும் ஆஸ்திரேலியப் படை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

* * *

மதராஸ் மாகாணத்து ஆள் என்றால் வரலாறே வடிகட்டித் தரும். 1922 சீரமைப்பில் மதராஸ் காலாட்படைகள் 3ஆம் மதராஸ் ரெஜிமென்டாகி, சிக்கன நடவடிக்கையில் 1920களின் முடிவுக்குள் அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியர்கள் (சாலை போடுவது போன்ற வேலை செய்த படை) 1933இல் கலைக்கப்பட்டார்கள். காலாட்படை மறுபடி எழுந்தது இரண்டாம் போரில்தான். ஆகவே 1930களின் நடுப்பகுதிப் படம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெங்களூரின் மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), பிறகு சர்வீஸ் கோர் (சரக்கு, போக்குவரத்துப் பிரிவு), டெரிட்டோரியல் (பகுதிநேர) பட்டாலியன்கள். சாப்பர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: விளிம்பே இல்லாத, விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் 'டூப்டா' தலையணி. அது தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், நம்ம 'தம்பி'கள்தான் (சாப்பர்களின் செல்லப்பெயர்).

கையில் V பட்டை ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் நட்சத்திரம் ஒன்று என்றால் ஜமேதார், இரண்டு என்றால் சுபேதார் (இரண்டும் ஆபீசர்களுக்குக் கீழான பதவிகள்). ஆனால் செகண்ட் லெப்டினென்டுக்கும் லெப்டினென்டுக்கும் அதே எண்ணிக்கைதான்; நட்சத்திரத்தை மட்டும் வைத்து தாத்தாவை ஆபீசராக்கிவிடாதீர்கள். மேல்கையில் கறுப்புப் பூனை (17ஆம் டிவிஷன்), சிவப்புக் கழுகு (4ஆம் டிவிஷன்) போன்ற துணிச்சின்னம் டிவிஷனைத்தான் காட்டும், ரெஜிமென்டை அல்ல. ரெஜிமென்டுக்குத் தோள்முனைப் பித்தளை எழுத்தைப் படிக்க வேண்டும்.

* * *

ஒரு குறுக்கீடு. "பட்டாளத்தில் இருந்தார்" என்று வீட்டில் சொல்லும் படங்களில் பட்டாளமே இல்லாதவையும் உண்டு. தோளில் எழுத்துக்குப் பதில் வெறும் எண் இருந்தால் போலீஸாக இருக்கலாம். மார்பின் குறுக்கே பட்டை, அதில் பெரிய பித்தளை வில்லை, பெரிய தலைப்பாகை என்றால் அது டவாலி (அலுவலகச் சேவகர்). கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டுப் பக்கம் தேடுங்கள். ஜெயில் வார்டன், ஃபாரஸ்ட் கார்டு, ரயில்வே எல்லாருக்கும் காக்கிதான்.

மலேயா, சிங்கப்பூரிலிருந்து வந்த 1943–45 படமென்றால் ஐ.என்.ஏ.வையும் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) மனதில் வையுங்கள். அங்கே உடுப்பு பெரும்பாலும் பிரிட்டிஷ் காக்கியேதான், சின்னம்தான் வேறு. பெண் காக்கியும் மடிப்புத் தொப்பியுமாக நின்றால் அதன் பெண்கள் படையான ஜான்சி ராணி ரெஜிமென்ட் என்று தொடங்கலாம். தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள்.

* * *

பெட்டியில் மெடல் இருந்தால் படத்தைவிட அதுவே பெரிய சாட்சி. முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் (வெள்ளி), விக்டரி மெடல் இரண்டிலும் விளிம்பிலும், 1914-15 ஸ்டாரில் பின்புறத்திலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் லேபர் கோர் (கூலியாள் படை) மாதிரிப் பிரிவு. இரண்டாம் போர் மெடல்களில் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்கவில்லை, இந்தியப் படையினருக்குப் பொறித்தார்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். சாய்வாக டார்ச் அடித்து லென்ஸில் படியுங்கள்.

மெடலில் உள்ள அந்த எண்தான் சாவி. சாப்பர்ஸ் என்றால் பெங்களூரிலுள்ள மதராஸ் எஞ்சினியர் குரூப், காலாட்படை என்றால் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்று எழுதிக் கேட்கலாம். எண் இல்லாமல் "முத்துசாமி" என்று மட்டும் எழுதினால் எத்தனையோ முத்துசாமிகள். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வேறு. அப்பா பெயர், கிராமம், தாலுகா மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தாலுகாவைப் போர்க்காலத்தில் இருந்த பெயரிலேயே எழுதுங்கள், இப்போதைய மாவட்டப் பெயர் பழைய ஏட்டில் இருக்காது.