ஈயக் குண்டு வார்க்க முதல் அச்சு எது நல்லம்? கெதியாச் சொல்லுங்க

நாவலடித்தம்பி
ஈயக் குண்டு வார்க்கோணும், அச்சு ஒண்டு எடுக்கப் போறன். அலுமினியமா இரும்பா? ஒரு குழியா நாலு குழியா? மண்ணுல குழி தோண்டி ஊத்திப் பார்த்தன், சடார் எண்டு தெறிச்சுக் கால்ல பட்டுட்டு. நாளைக்கு டவுனுக்குப் போறன், அதுக்குள்ள சொல்லுங்க.

சின்னவாவி
என்ன குண்டு மனே? துவக்குக்கா? அப்பிடியெண்டா இந்த இழையை இப்பவே அழி. துவக்குச் சட்டம் 1916ல இருந்து இருக்கு, வீட்டுல ரவை செய்யிறது விளையாட்டில்ல.

நாவலடித்தம்பி
ஐயோ இல்லண்ண, வீச்சு வலைக்கு! வலைக் குண்டு. எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்ற.

மருதமுனையான்
நாங்க மணி எண்டு சொல்ற. சரி, எத்தின முழ வலை? கோக்கிற மணியா, இல்லாட்டி வெட்டு விட்டு நூல்ல வச்சுக் குறட்டால நசுக்கிற மணியா? ஈயம் எங்கால? இதெல்லாம் சொல்லாம அச்சு கேக்கிறது, அளவு குடுக்காம சட்டை தைக்கக் குடுத்த மாதிரி இரிக்கி.

பழையதுடுப்பு
இதை இங்க எத்தினையோ தரம் எழுதியாச்சு. தேடிப் படிக்கிற பழக்கம் இப்ப உள்ள பொடியனுகளுக்கு இல்ல. எங்கட அப்பா களிமண் அச்சுலதான் வார்த்தவர், அதுல வார்த்த மணி இன்னும் என்ட வலையில கிடக்கு. முதல்ல வலை வட்டமா விழ வீசப் பழகு தம்பி, புறகு அச்சுக்கு வா.

லேத்துக்கடை
அண்ண, களிமண் நல்லம்தான், ஆனா சுட்டுக் காய்ஞ்சிருக்கோணும். இவர் ஈர மண்ணுல ஊத்தியிருக்கார். ஈயம் உருகிற சூடு 327 பாகை. உருகின ஈயத்துக்குக் கீழ ஒரு சொட்டுத் தண்ணி மாட்டினா ஆவியாகி ஈயத்தையே தூக்கி எறியும். கால்ல பட்டதோட தப்பினது, கண்ணுல பட்டிருந்தா? கரண்டி, அச்சு, பிறகு போடுற ஈயத் துண்டு எல்லாம் காய்ஞ்சிருக்கோணும். மழைத் தூத்தல் நேரம் வளவுல செய்யவே வேணாம்.

நாவலடித்தம்பி
6 முழ வலை. கோக்கிற மணி. ஈயம் பழைய பற்றரி உடைச்சு எடுத்தது, இன்னும் ரெண்டு பற்றரி கிடக்கு. அம்மாட பழைய தாச்சியில உருக்கின.

சின்னவாவி
என்னது தாச்சியிலயா?? திரும்பக் குசினிக்குப் போகல்லதானே?

லேத்துக்கடை
அந்த ரெண்டு பற்றரியையும் தொடாத. பழைய இரும்பு எடுக்கிற ஆளுக்கிட்ட அப்பிடியே குடு. உள்ளுக்க அசிட் மட்டுமில்ல, தட்டுல அன்ரிமனி, ஆசனிக் சேர்த்திருப்பாங்க. அந்தக் கசடு ஈரப்பட்டா வாற வாயு ஆளை முடிச்சிரும், மணமும் பெரிசா இராது. எடுத்து வச்சிருக்கிற ஈயத்தையும் அதோட சேர்த்துக் குடுத்திரு. பழைய ஈயக் குழாய், கேபிள் உறை கிடைச்சா அதுதான் மெத்தென்ட, அனேகமாச் சுத்த ஈயம்.

டயர்க்கடைப்பொடியன்
கேபிள் உறைக்கு எங்க போறது? டயர் கடையில வீல் பலன்ஸ் ஈயம் கேளுங்க, வாளிக்கணக்குல கிடக்கும். ஒழுப்பம் கடினம், நசுக்கிற மணிக்குச் சரிவராது, நசுக்கினாப் பிளந்திரும். கோக்கிற மணிக்கு அதுதான் திறம், கல்லுப் பார்ல அடிபட்டாலும் நெளியாது. இப்ப அதுக்குள்ள நாகமும் இரும்பும் கலந்து வருது. நாகம் உருக 419 பாகை வேணும், அதால அடுப்பைக் கூட்டாம மெதுவா உருக்கினா ஈயம் மட்டும் இளகும், மத்ததெல்லாம் கிளிப்போட மேல மிதக்கும். அள்ளி எறியிறதுதான்.

பழையதுடுப்பு
டயர் ஈயத்தில வலை! நல்லா வரும்.

மருதமுனையான்
அச்சுக் கேள்விக்கு வாறன். 6 முழம் எண்டா நடுவுல இருந்து விளிம்பு மட்டும் 9 அடி. விரிஞ்சா சுத்தளவு 56 அடிக்கு மேல, அதாவது 17 மீற்றர். 4 கிலோ ஈயம் போடுற எண்டு வச்சா, 10 கிராம் மணி 400 வேணும், 4 சென்ரிமீற்றருக்கு ஒண்டு விழும். ஒரு குழி அச்செண்டா 400 தரம் ஊத்தோணும், நாலு குழி எண்டா 100. இதுக்கு மேல நான் சொல்லத் தேவல்ல.

பழையதுடுப்பு
சாறன் நெய்யிற மருதமுனையில இருந்து வலைக் கணக்கு.

மருதமுனையான்
நூல் எண்ணிப் பழகின ஊர் காக்கா, கணக்குப் பிழைக்காது.

லேத்துக்கடை
அவர் கணக்குச் சரி. அச்சு அலுமினியத்துல எடு. கெதியாச் சூடாகும், துருப்பிடிக்காது, உப்புக் காத்துக்கு இரும்பு அச்சு ஒரு மாரி தாங்காது. வாங்கவும் தேவல்ல, லேத்துல செய்விக்கலாம். தடிச்ச அலுமினியத் துண்டு ரெண்டைச் சேர்த்து இறுக்கிப் பிடிச்சு, சேருற கோட்டு மேலயே 8.5 மில்லிமீற்றர் அலகால 20 மில்லிமீற்றர் ஆழம் துளை. அடியில 4 மில்லிமீற்றர் துளை இன்னும் ஒழுப்பம் இறக்கு, அதுலதான் மணிக்கு ஓட்டை விடுற நடுக்கம்பி நிக்கும். அந்த அளவுக்கு மணி ஒண்டு சரியா 10 கிராம் வரும். மேல் வாயைப் புனல் மாதிரி குடைஞ்சு விடச் சொல்லு. சேருற முகத்துல காத்துப் போக மெல்லிசாக் கீறலும் வேணும், இல்லாட்டி மணி அரைகுறையா வரும்.

நடுக்கம்பிக்குச் சைக்கிள் கம்பி வச்சிராத, 2 மில்லிமீற்றர்தான், கயிறு போகாது. ஊத்த முதல் குழியையும் கம்பியையும் மெழுகுதிரிப் புகையில கறுப்பாக்கு, ஒட்டாது. துவக்கு ரவை வார்க்கிற வெளிநாட்டு ஆக்களும் இதைத்தான் செய்யிற.

முதல் பத்துப் பதினைஞ்சு மணி சுருங்கித்தான் விழும். அச்சு சூடாகல்ல எண்டு அர்த்தம், பிழையெண்டு நினைச்சு ஈயத்தைக் கொதிக்க விடாத. சுருங்கினதைத் திரும்பச் சட்டிக்குள்ள போடு.

கல்லடிச்சங்கிலி
ஏன் இவ்வளவு பாடு? மெல்லிய இரும்புச் சங்கிலி வாங்கிக் கட்டுங்க. ஒரு பின்னேர வேலை.

டயர்க்கடைப்பொடியன்
சங்கிலி துருப்பிடிச்சு வலையை அறுக்கும். அதே பாரத்துக்கு ஈயத்தை விடப் பருமன், ஆறுதலாத்தான் தாழும். அதுக்குள்ள மணலை மீன் தங்கட ஊருக்குப் போய்ச் சேர்ந்திரும்.

கல்லடிச்சங்கிலி
அறுந்தா நைலோன் வலைதான் அறும். என்ட தங்கூசி, ஒத்தை நரம்பு வலை, ஒண்டும் ஆகல்ல.

சின்னவாவி
தங்கூசியா? அது தடை எண்டு தெரியாதா?

கல்லடிச்சங்கிலி
கட்டி விடுற வலைக்குத்தான், வீசுறதுக்கில்ல எண்டுதான் நான் கேள்விப்பட்டன்.

பழையதுடுப்பு
தங்கூசி எண்டா தங்கூசிதான். இதையும் எழுதியாச்சு.

சின்னவாவி
கட்டினாலும் வீசினாலும், அறுந்து வாவிக்குள்ள கிடந்தா உக்காது. இறால் பிடிக்கிற ஆக்கள்ட காலைக் கேளுங்க.

கல்லடிச்சங்கிலி
அப்ப ஈயம் மட்டும் உக்குமா?

லேத்துக்கடை
சண்டையை வேற இழையில பிடிங்க. தம்பி, அந்தத் தாச்சி இனிக் குசினிக்கு ஆகாது, எவ்வளவு தேய்ச்சாலும். இரும்புச் சட்டி ஒண்டு இதுக்கெண்டே வை. வெளியில, காத்து முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி இருந்து செய். கச்சான் காத்துச் சுழண்டு அடிக்கிற நாள்ல தொடங்காத. சின்னப் பிள்ளைகளை வளவுல விடாத, ஈயத்தூள் அவங்களுக்குத்தான் கூடக் கேடு. கைகழுவாம வெத்திலை போட்டிராத.

*எட்டு நாளைக்குப் புறகு*

நாவலடித்தம்பி
நாலு குழி அச்சு லேத்துல அடிச்சாச்சு. டயர் கடை ஈயம். முதல் 20 சுருங்கிச்சு, புறகு சரி. 260 மணி முடிஞ்சுது. பற்றரி குடுத்தாச்சு. அம்மாக்குப் புதுத் தாச்சி வாங்கின, பழசு எங்க எண்டு இன்னும் கேக்கிறா.

கல்லடிச்சங்கிலி
லேத்துல எவ்வளவு எடுத்தாங்க தம்பி?

கல்லடிச்சங்கிலி
தம்பி?