ஆட்டுத்தோலில் அடிக்கும் வாடை: சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

கேள்வி

என் தந்தை நான்கு மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். முதுகுக்கு அடியில் கம்பளியோடு கூடிய செம்மறியாட்டுத் தோலை விரித்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்க உதவும் என்று செவிலியர் சொன்னதால் ஒன்றை வாங்கினேன். பழைய முறையில் கையாலேயே பதனிட்டது என்றார் விற்றவர். பார்க்க அழகாக இருக்கிறது. முடி அடர்த்தி, உட்புறம் வெள்ளை வெளேரென்று மென்மையாக இருக்கிறது. ஆனால் நாற்றம்! விரித்த அரை மணி நேரத்திலேயே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டேன். வாடை குறையவில்லை, கூடியது. ஓரங்கள் அட்டை போல விறைத்துக்கொண்டன. வாசனைத் திரவியம் தெளித்ததில் இரண்டும் கலந்து குமட்டுகிறது. மழை நாட்களில் தொட்டால் தோல் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கிறது. நாளை சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைக்க நினைக்கிறேன். செய்யலாமா?

பதில் 1

ஊறவைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் அந்த வாளியை அப்புறப்படுத்துங்கள்.

நான் பதினாறு ஆண்டுகளாகச் சிறிய அளவில் தோல் பதனிடுகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களும், அதாவது வெள்ளை உட்புறமும் மழை நாளின் பிசுபிசுப்பும், படிகாரமும் உப்பும் போட்டுப் பதனிட்ட தோலைத்தான் காட்டுகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. படிகாரம் தோலின் நார்களோடு உறுதியாகப் பிணைவதில்லை; தண்ணீரில் ஊறினால் கரைந்து வெளியேறிவிடும். அதன்பின் உங்கள் கையில் இருப்பது பச்சைத்தோல். காய்ந்தால் பலகையாகும், காயாவிட்டால் அழுகும். என் முதல் ஆண்டில் இதே போன்ற தோலை ஒரே இரவு ஊறவைத்தேன். மறுநாள் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அந்தத் தோலைப் புதைக்கத்தான் முடிந்தது.

மரப்பட்டையில் பதனிட்ட தோல் பழுப்பாக இருக்கும், ஓரளவு நீரைத் தாங்கும். விலங்கின் மூளைக்கொழுப்பைத் தேய்த்துப் புகையூட்டிய தோல் இன்னும் நன்றாகத் தாங்கும். புகையிலுள்ள ஆல்டிகைடுகள் என்ற வேதிப்பொருள்கள் நார்களைப் பிணைத்துவிடுவதால் நனைந்து காய்ந்தாலும் பெரிதாக விறைப்பதில்லை. அதனால்தான் எந்தத் தோல் என்று தெரியாமல் வாடைக்கு மருந்து சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது, என்ன வாடை என்று முகர்ந்து பாருங்கள். கஷ்டம்தான், ஆனாலும் செய்யுங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடையா, முடை நாற்றமா, பூஞ்சணம் பிடித்த மக்கல் வாடையா? நம் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருப்பது இந்தத் தொழிலில் எனக்கு எத்தனையோ முறை உதவியிருக்கிறது. சிக்கு வாடை என்றால் உள்ளே தங்கிய கொழுப்பு காற்றுப்பட்டுக் கெட்டிருக்கிறது. முடை என்றால் சதையோ சவ்வோ சரியாகச் சுரண்டப்படாமல் அழுகுகிறது. சதைப்புறத்தைக் கழுத்து, தொடை, ஓரங்கள் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பதில் 2

சமையல் சோடாவைத் தூவி ஒரு வாரம் மூடி வைத்தால் போதும். என் தோல்பைக்கு அப்படித்தான் செய்தேன்.

பதில் 1

உங்கள் பையின் மேற்பரப்பில் மட்டும் வாடை இருந்திருக்கும், அதனால் பலித்தது. சோடா காரத்தன்மை கொண்டது. பட்டையில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு பட்டால் கறுத்துப்போகும். உள்ளே இருக்கும் கொழுப்பையும் அது எட்டாது.

கேட்டவர்

சிக்கு வாடைதான், சந்தேகமே இல்லை. கழுத்துப் பக்கம் ஒரு கை அகலத்துக்கு மஞ்சளாக, மெழுகு போலத் தட்டுப்படுகிறது. அதன்மேல் மெல்லிய சவ்வும் இருக்கிறது.

பதில் 1

அதுதான் ஊற்று. செம்மறித்தோலில் இயல்பாகவே கொழுப்பு மிகுதி. வெயில் அதை உருக்கி நார்களுக்குள் இறக்கியது, சூடு கெடுவதையும் வேகப்படுத்தியது. இரண்டாம் நாள் வாடை கூடியதற்குக் காரணம் அதுவே.

தோலைச் சதைப்புறம் மேலே வரும்படி பலகையில் விரியுங்கள். மழுங்கிய கத்தியால் சவ்வையும் மஞ்சள் கொழுப்பையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுரண்டுங்கள். அழுத்த வேண்டாம், முடிவேர் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு பிசின் இல்லாத மரத்தின் உலர்ந்த தூளையோ முல்தானி மட்டியையோ கை பொறுக்கும் அளவு சூடாக்கிக் கொட்டி, உள்ளங்கையால் தேய்த்து, ஓர் இரவு விட்டுத் தட்டுங்கள். தூள் கொழுப்பைக் குடித்துக் கட்டிகட்டியாக வரும். அதை எறிந்துவிட்டுப் புதுத்தூள் போடுங்கள். தூள் உதிரியாகவே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஒருமுறை பதினொரு நாள் ஆனது. கம்பளிப் பக்கமும் அப்படியே, தேய்த்தபின் சீப்பால் வாருங்கள்.

அதன்பின் நிழலில், காற்றோட்டத்தில், மடிக்காமல் தொங்கவிடுங்கள். இரவில் மூடிய பெட்டிக்குள், தோலில் படாதபடி ஒரு தட்டில் கரித்துண்டுகளோடு வைக்கலாம். கரி காற்றில் மிதக்கும் வாடையை மட்டுமே வாங்கும். கொழுப்பை எடுக்காமல் கரியை நம்புவது வீண். வாடை போக்க ஓசோன் வாயுவை வெளியிடும் கருவி வேண்டாம், அது நுரையீரலுக்குக் கேடு, தோலையும் அரிக்கும்.

பதில் 3

சுரண்டும்போதும் தட்டும்போதும் முகக்கவசம் போடுங்கள், வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். 2006ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பச்சை ஆட்டுத்தோலில் முரசு செய்த ஒருவருக்குத் தூசியைச் சுவாசித்ததால் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய் வந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். உங்களுடையது பதனிட்ட தோல்தான், ஆனாலும் நோயாளி இருக்கும் அறையில் அந்தத் தூசி பறக்கக் கூடாது.

பதில் 1

மிகச் சரி. நான் எழுதியிருக்க வேண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். வாடை முழுவதும் போனாலும் இந்தத் தோலை அப்பாவுக்கு விரிக்காதீர்கள். படுக்கையில் இருப்பவருக்கு வியர்க்கும், சிறுநீர் படும். அடிக்கடி துவைத்தே ஆக வேண்டும், படிகாரத்தோல் ஒரு துவைப்புக்கும் தாங்காது. நோயாளிகளுக்கென்றே குளூட்டரால்டிகைடு என்ற வேதிப்பொருள் கொண்டு பதனிட்ட செம்மறித்தோல் கிடைக்கிறது, பலமுறை துவைக்கலாம். எவ்வளவு சூடான நீர் தாங்கும் என்று அதிலேயே குறித்திருப்பார்கள். பழைய முறைகளை உயிராக நேசிப்பவன் நான். இந்த ஒரு வேலைக்குப் புதிய முறைதான் சரி என்றே சொல்வேன். எது விரித்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையோ செவிலியர் சொன்னபடியோ அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

துவைக்கக்கூடிய தோல் வந்து, அப்பா அதில்தான் படுத்திருக்கிறார்; முகத்தைத் திருப்பவில்லை. பழையதைச் சுரண்டி, ஒன்பது முறை தூள் மாற்றினேன். முதல் நான்கு முறை தூள் கஞ்சிபோல வந்தது. இப்போது முகத்தை அழுத்தி முகர்ந்தால்தான் லேசாக ஆட்டு வாடை. அவர் கட்டிலருகே நான் இரவில் உட்காரும் நாற்காலியில் அதைப் போட்டிருக்கிறேன். அட்டைபோல விறைத்த ஓரங்களை மட்டும் இளக்க முடியுமா?

பதில் 1

முடியும். சதைப்புறத்தில் அந்த ஓரத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, பாதி காய்ந்ததும் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் முன்னும் பின்னும் இழுங்கள். காய்ந்து முடியும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்.